தலையணை உறையில் தூங்கியவர்

மடிப்பக்காவின் கல்யாண வாழ்க்கையில் பாதிக்கு மேல் அவள் புருஷன் தூங்கிக்கொண்டே இருந்தார். குறையாகச் சொல்லவில்லை, வேலை அப்படி. அவர் ஒரு கிடங்கில் ராத்திரி வாட்ச்மேன். காலையில் அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவள் செருப்பை மாட்டிக்கொண்டு லாண்டரிக்குக் கிளம்புவாள். மத்தியானம் அவள் திரும்பி வரும்போது அவர் கட்டிலில் கிடப்பார். சாயங்காலம் எழுந்து ஒரு டீயைக் குடித்துவிட்டு, டார்ச்சை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஆக, விழித்திருக்கிற மனுஷனை அவள் வாசலில்தான் பார்த்தாள். குடித்தனம் நடத்தியது தூங்குகிற மனுஷனோடு.

அந்தத் தூக்கத்தையும் சும்மா சொல்லக்கூடாது. கட்டிலில் சுவரோரம் அவர் இடம். ஒருக்களித்து, முகத்தை அவள் படுக்கிற பக்கம் திருப்பிப் படுப்பார். கீழ்க் கன்னம் தலையணையில் நசுங்கும், மேல் கன்னம் அதன்மேல் சரியும், வாய் ஓர் ஓரமாகத் திறந்துகொள்ளும். அதிலிருந்து வரும் குறட்டையில் ஜன்னல் கொக்கி ஆடும். மடிப்பக்கா பக்கத்தில் வந்து படுத்து, முழங்கையால் ஓர் இடி இடித்து, "தள்ளிப் படுங்க" என்பாள். குறட்டை டக்கென்று நின்றுவிடும். கண்ணைத் திறக்காமலே ஒரு சாண் நகர்ந்து கொடுப்பார். அப்புறம் வேறு ராகத்தில் ஆரம்பிப்பார்.

போன வருஷம் நெஞ்சில் ஏதோ என்று ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டுக்கட்டாக எக்ஸ்ரே படங்கள் வீட்டுக்கு வந்தன. ஆள் வரவில்லை.

மடிப்பக்கா அழவில்லை. வந்தவர்கள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், பஸ் வருமா என்று தெருக்கோடியைப் பார்க்கிற மாதிரி. வரவில்லை. கொஞ்சம் காத்திருந்துவிட்டு அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அவரைப் போர்த்தியிருந்த போர்வையை ஆஸ்பத்திரிக்காரர்கள் திருப்பிக் கேட்டபோது, அவள் அதை ஓரத்தோடு ஓரம் சேர்த்து, சுருக்கம் நீவி, நாலாக மடித்துக் கொடுத்தாளாம். அதைப் பார்த்துவிட்டு நர்ஸ்தான் அழுதாளாம்.

மடிப்பதுதான் அவள் தொழில், அதனால்தான் அந்தப் பெயர். ஒரு பெரிய ஓட்டலின் அடித்தளத்தில் இருக்கிறது லாண்டரி. ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்று படுக்கை விரிப்புகளில் ஒட்டியிருக்கும் மண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். நடுவில் ரோலர் என்று எல்லோரும் சொல்லும் மெஷின். ஆள் நீளத்துக்கு ஓர் உருளை, அதைச் சுற்றிக் கனத்த துணி, அடியில் வளைந்த இரும்பு. இரும்பு சூடேறிவிட்டால், இந்தப் பக்கம் ஈரமாக நுழைகிற துணி அந்தப் பக்கம் காகிதம் மாதிரி மொடமொடவென்று வெளியே வரும்.

துணியை உள்ளே விடுகிறவள் பெயர் ரேடியோ. ஏன் அந்தப் பெயர் என்று அவளிடம் ஒரு நிமிஷம் நின்றால் தெரிந்துவிடும். மறுபக்கம் நின்று, வருகிறதை வாங்கி மடிக்கிறவள் மடிப்பக்கா. ரேடியோ பேசுவாள், இவள் மடிப்பாள். இந்த ஏற்பாடு பல வருஷமாக நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இவர்கள் இருவருக்கும் மேலே சூப்பர்வைசர். அவருக்கு ரேடியோ வைத்த பெயர் கறை. குழல் விளக்கின் அடியில் துணியை விரித்துப் போட்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கறை தேடுவதே அவர் உத்தியோகம். கொசு உட்கார்ந்து போன இடத்தைக்கூடக் காட்டுவார். வீட்டில் சோற்றுத் தட்டையும் லைட்டில் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் சாப்பிடுவார் என்பது ரேடியோவின் செய்தி அறிக்கை. துவைத்தும் போகாத கறை என்று அவர் முடிவு செய்தால், மூலையில் 'கழிவு' என்று முத்திரை குத்திக் கூடையில் எறிவார். கழிவானதை யார் வேண்டுமானாலும் தரை துடைக்க வீட்டுக்குக் கொண்டுபோகலாம். முத்திரை இல்லாமல் ஒரு கைக்குட்டை வாசல் தாண்டினாலும் சீட்டுக் கிழிந்துவிடும்.

புருஷன் போன பிறகு மடிப்பக்கா வேலைக்கு வந்தாள், மடித்தாள், போனாள். ஒரு நாள் மணிக்கட்டு சூடான இரும்பில் பட்டு, தீய்ந்த வாடை வந்த பிறகுதான் ரேடியோ சொல்லி அவளுக்குத் தெரிந்தது. கையை எடுத்துப் பார்த்துவிட்டு, அடுத்த விரிப்பை வாங்கிக்கொண்டாள். ரேடியோவுக்கு அன்றைக்கு வாய் அடைத்துவிட்டது. மறுநாள் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் கொடுத்தாள். மடிப்பக்கா கடைசிச் சொட்டு வரை குடித்து, டம்ளரைக் கழுவி வைத்து, "நல்லா இருந்துச்சு" என்றாள். விளையாட்டுக்குச் செய்ததுதான். ஆனால் ரேடியோ குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை. அதற்குப் பிறகு உப்பு விளையாட்டை விட்டுவிட்டாள்.

மகள் கல்யாணமாகிப் பக்கத்துத் தெருவில் இருக்கிறாள். செல்போன் கடையில் வேலை. அம்மா கட்டிலில் படுப்பதே இல்லை, கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்குகிறாள் என்று அவள்தான் கண்டுபிடித்தாள். ஏன் என்று துருவித் துருவிக் கேட்டதில் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு பதில் வந்தது.

"உங்கப்பா தூங்குற மூஞ்சி மறந்துட்டே வருது. அந்தக் கட்டில்ல படுத்தா இன்னும் மறக்குது."

மகள் அலமாரியைத் திறந்து போட்டோக்களை வாரிக்கொண்டு வந்தாள். அடையாள அட்டைப் போட்டோ, யாரோ வீட்டு விசேஷத்தில் முழித்துக்கொண்டு நிற்கிற போட்டோ, கிடங்கு வாசலில் டார்ச்சோடு போட்டோ. எல்லாவற்றிலும் மனுஷன் கண்ணைத் திறந்துகொண்டு இருந்தார். தூங்குகிறவரைப் போய் யார் படம் பிடிப்பார்கள்? அந்த முகத்தைப் பார்த்த ஆள் உலகத்திலேயே ஒருத்திதான். அவளும் மறந்துவிட்டால் முடிந்தது கதை. முதலில் காது போய்விட்டது என்றாள் மடிப்பக்கா. அப்புறம் புருவம். இப்போது வாயும் கலங்கலாகத்தான் இருக்கிறது என்று, ஏதோ காய்கறி அழுகிப் போனதைச் சொல்கிற குரலில் சொன்னாள்.

மகள் என்ன செய்வாள் பாவம். நூலகத்து மாடியில் வாரம் ஒரு நாள் ஓவிய வகுப்பு நடக்கிறது, மனசுக்கு நல்லது என்று கேள்விப்பட்டு, அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தாள்.

அங்கே பாடம் எடுத்த டீச்சர் சின்னப் பெண். எல்லோரிடமும் அப்போதுதான் ஆபரேஷன் முடிந்து வந்தவர்களிடம் பேசுகிற மாதிரி மெதுவாகப் பேசுவாள். அவள் சொல்லிக்கொடுத்ததற்குப் பெயர் மோனோடைப். ஒரு கண்ணாடித் துண்டின்மேல் கறுப்பு மையைச் சின்ன ரப்பர் உருளையால் தடவ வேண்டும். துணியாலோ விரலாலோ மையைத் துடைத்துத் துடைத்துப் படம் வரைய வேண்டும். அதன்மேல் ஈரக் காகிதத்தைப் போட்டு, கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்து, மெல்ல உரிக்க வேண்டும். கண்ணாடியில் இருந்த படம் காகிதத்துக்கு வந்துவிடும். ஒரே ஒரு தடவைதான் வரும் என்றாள் டீச்சர். இன்னொரு காகிதம் போட்டால் மிச்சமிருக்கிற மையில் ஏதோ லேசாக வரும், அதே படம் வராது.

வகுப்பில் எல்லோரும் பூ வரைந்தார்கள். பூ வரைவதில் ஆபத்து இல்லை, எப்படி வந்தாலும் பூதான். மடிப்பக்கா மட்டும் கண்ணாடி முழுக்கக் கறுப்பைத் தடவிவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு கந்தலைச் சுட்டுவிரலில் சுற்றிக்கொண்டு, இருட்டில் ஓர் இடத்தைத் துடைத்தாள். வெளிச்சமாக ஒன்று வந்தது. கன்னம்.

வரைவது என்றால் கோடு போடுவது என்றுதான் அவள் அதுவரைக்கும் நினைத்திருந்தாள். கோடு அவளுக்கு வராது. துடைப்பது வரும். வாழ்நாள் முழுக்க அவள் பார்த்தது துணி, கறை, துடைப்பு இதைத்தானே. வேண்டாததை எடுத்துவிட்டால் வேண்டியது மிஞ்சும் என்பது மாதிரி ஒரு வேலை இருக்கிறது என்று தெரிந்ததும், அவள் பாட்டுக்கு இறங்கிவிட்டாள். வீட்டுக்கு ஒரு டப்பா மை வாங்கி வந்தாள். மத்தியானம் முழுக்கச் சமையல் மேடையில்தான். சீப்பின் பல்லால் மையைக் கீறித் தலைமுடி வரைந்தாள். டீ வடிகட்டியை ஒற்றி எடுத்து, சவரம் செய்யாத தாடை வரைந்தாள். மசங்கலாக வேண்டும் என்று காகிதத்துக்குக் கஞ்சி போட்டுப் பார்த்தாள், கெட்டியாக வேண்டும் என்று மையில் டால்கம் பவுடரைக் கலந்து பார்த்தாள். அச்சு வந்த பிறகு, அதன்மேலே தண்ணீர் வண்ணத்தைக் குழைத்துத் தூரிகையால் சரிசெய்தும் பார்த்தாள். இதையெல்லாம் ஆசையாகச் செய்தாள் என்று யாராவது சொன்னால் அது பொய். பாத்திரம் கழுவுகிற முகத்தோடுதான் செய்தாள். வந்ததைப் பார்ப்பாள், இல்லை என்று தலையாட்டுவாள், அடுப்புக்குக் கீழே செருகிவிடுவாள்.

கரண்டிக்கு அழுத்தம் போதவில்லை என்பது அவள் கட்சி. அழுத்தம் என்றதும் அவளுக்கு ஞாபகம் வந்தது ரோலர். ஆனால் கண்ணாடியை ரோலருக்குள் விட்டால் கண்ணாடியும் போகும், வேலையும் போகும். வளைகிற மாதிரி ஏதாவது வேண்டும். வீட்டில் அப்படி வளைகிற, வழுவழுப்பான தகடு ஒன்றே ஒன்றுதான் கட்டுக்கட்டாக இருந்தது. எக்ஸ்ரே.

மறுநாள் காலையில், கறை வருவதற்கு முன்னால், ரோலர் சூடேறுவதற்கு முன்னால், மடிப்பக்கா புருஷனின் நெஞ்செலும்பின் மேலே கறுப்பைத் தடவி, அவர் முகத்தைத் துடைத்து எடுத்தாள். எக்ஸ்ரேயை மை மேலே இருக்கிற மாதிரி வைத்து, அதன்மேல் ஈரக் காகிதம் போட்டு, சும்மா குளிர்ந்து கிடந்த ரோலருக்குள் விட்டாள். ரேடியோதான் சுவிட்சைப் போட்டாள். மறுபக்கம் வந்ததும் உரித்தார்கள். அழுத்தம் பிரமாதம். ஒவ்வொரு மயிரும் விழுந்திருந்தது.

"யாருக்கா இது?" என்றாள் ரேடியோ.

"அவர்."

ரேடியோ தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். பொய் சொல்ல முயற்சி செய்தாள், பாவம், வரவில்லை. "கறை மாதிரி இருக்குக்கா. தூங்குற கறை."

அதற்குப் பிறகு இது அவர்களுடைய காலை வேலை ஆகிவிட்டது. ஒரு நாள் மூட்டை மாதிரி வந்தார். ஒரு நாள் தண்ணீரில் மிதக்கிறவர் மாதிரி வந்தார், அதைப் பார்த்துவிட்டு ரேடியோகூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்னொரு நாள் அழகாக வந்தார், அதுவும் அவர் இல்லை. இதில் வேறொரு வம்பும் இருந்தது. அச்சில் படம் இடம் வலமாகத் திரும்பிவிடும். எக்ஸ்ரேயில் அவளைப் பார்த்துப் படுத்திருக்கிற மனுஷன், காகிதத்தில் சண்டை போட்டவர் மாதிரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். சரி, முதலிலேயே திருப்பி வரையலாம் என்றால், அந்தப் பக்கம் திரும்பிய முகத்தை அவள் வாழ்நாளில் பார்த்ததே இல்லையே. அவள் கைக்கு அவரை ஒரு பக்கம்தான் தெரியும்.

"இனிமே வராது போல" என்றாள் ஒரு காலையில். வருத்தமாகச் சொல்லவில்லை. குழாயில் தண்ணீர் வராது என்கிற மாதிரி சொன்னாள். காதும் புருவமும் வாயும் போன பிறகு, மீதி இருந்தது தலையணையில் நசுங்குகிற அந்தக் கன்னம் மட்டும்தான். அதுவும் போய்விட்டால், அப்புறம் மையைக் கழுவிவிட்டு உட்கார வேண்டியதுதான்.

அது நடந்த காலையில் அவள் யோசிக்காமல் துடைத்தாள். தூக்கம் சரியில்லை, நாற்காலியில் கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. கந்தலை வைத்து மசமசவென்று நாலு இழு இழுத்து முடித்தாள். ஈரக் காகிதம் மேசைமேல் துண்டுக்குள் தயாராக இருந்தது. அந்த நேரம் பார்த்துப் படியில் கறையின் செருப்புச் சத்தம் கேட்டது. அன்றைக்கென்று சீக்கிரம் வந்துவிட்டார். ரேடியோ சுவிட்சைத் தட்டிவிட்டாள். மடிப்பக்காவின் கைகள், இத்தனை வருஷம் துணியை மட்டுமே பார்த்த கைகள், பழக்க தோஷத்தில் எக்ஸ்ரேயை ஒரு தலையணை உறை மாதிரி நீவிவிட்டு அப்படியே உள்ளே தள்ளிவிட்டன. மேலே காகிதம் போடவில்லை.

மறுபக்கம் வந்த எக்ஸ்ரேயைப் பார்க்காமல் மடித்த விரிப்புகளுக்கு அடியில் செருகினாள். கறை உள்ளே வந்தார். ஏன் இன்னும் சூடு வைக்கவில்லை என்றார். வைத்தார்கள். தலையணை உறைகளை முதலில் விடுங்கள், மேலே கேட்கிறார்கள் என்றார். விட்டார்கள்.

முதல் உறை வெளியே வந்தபோதுதான் மடிப்பக்கா மேசையைத் திரும்பிப் பார்த்தாள். துண்டுக்குள் காகிதம் வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது. மையெல்லாம் ரோலர்மேல் சுற்றியிருக்கிற துணிக்குப் போயிருக்கிறது. இப்போது சூடு பட்டு இளகி, ஒரு சுற்றுக்கு ஒரு தடவை, வருகிற உறையிலெல்லாம் இறங்கிக்கொண்டிருந்தது.

முதல் உறையில் வந்தது முகமே இல்லை, கரிச்சட்டியை வைத்து எடுத்த இடம். அடுத்ததில் கண், மூக்கு இருக்கிற கரிச்சட்டி. எதிர்ப்பக்கம் ரேடியோ இதைப் பார்த்துவிட்டுக் கண்ணாலேயே என்னென்னவோ கேட்டாள். கறை நாலடி தள்ளி நின்று எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். நிறுத்தினால் ஏன் என்று கேட்பார். மடிப்பக்கா வந்ததை வந்தபடி மடித்து, முகம் உள்ளே போகிற மாதிரி அடுக்கினாள். ரேடியோ விட்டுக்கொண்டே இருந்தாள். ஒவ்வோர் உறையும் முந்தினதைவிட வெளுத்து வந்தது. தாடை கரைந்தது. தலைமுடி போயிற்று. காது, புருவம், அவள் மறந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாகப் போயிற்று.

அப்புறம் ஒன்று வந்தது. பார்த்தால் வெறும் துணி. சாய்த்துப் பிடித்தால், சலவையில் போகாத பழைய நிழல் மாதிரி லேசாக ஒரு கன்னம், அது தலையணையில் நசுங்குகிற இடம், ஓரமாகத் திறந்த வாய். இரண்டு தடவை திரும்பியதில் பக்கமும் சரியாகிவிட்டிருந்தது. அவளைப் பார்த்துப் படுத்திருந்தார்.

மடிப்பக்காவின் கை நின்றுவிட்டது. ரோலர் நிற்குமா? அடுத்த உறையும் அதற்கடுத்ததும் தரையில் விழுந்தன. அவள் கையில் இருந்ததை அடுக்கில் வைத்துவிட்டு விழுந்ததைக் குனிந்து எடுத்தாள், அந்தச் சலசலப்பில் கறை திரும்பிப் பார்த்தார். நேராக வந்து அடுக்கின் அடியில் கைவிட்டு ஒன்றை உருவினார். கரிச்சட்டி.

மெஷினை நிறுத்தச் சொன்னார். கறுத்த உறைகளையெல்லாம் பிரித்துக் குழல் விளக்குக்கு அடியில் வரிசையாக விரித்தார். வெள்ளையாகத் தெரிந்தவற்றை, நேரமாகிறது என்று, மாடிக்குப் போகிற வண்டியில் ஏற்றிவிட்டார். மடிப்பக்கா வாயைத் திறப்பதற்குள் லிப்ட் மூடிக்கொண்டது.

"யார் வேலை இது?"

"என்னோடதுதான் சார்."

அவர் விளக்கடியில் குனிந்து பார்த்தார். வாழ்க்கையில் பார்த்த அத்தனை கறைகளையும் மனசுக்குள் புரட்டியிருப்பார். "இது என்ன, மூஞ்சியா?"

"வீட்டுக்காரர் சார்."

கறை நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மறுபடியும் குனிந்தார். "தூங்குறாரா?"

"ஆமா சார்."

திட்டுவதற்கு இழுத்த மூச்சு உள்ளேயே எங்கேயோ செலவாகிவிட்டது. ரோலர் துணியை மாற்ற வேண்டும், புதிய துணியை அவளே இருந்து தைத்துப் போட வேண்டும் என்று மட்டும் சொன்னார். சரி சார் என்றவள், கால் செருப்பைக்கூட மாட்டாமல் படியேறிப் போய்விட்டாள்.

இத்தனை வருஷத்தில் மாடி அறைகளுக்கு அவள் போனதே இல்லை. தான் மடித்து அனுப்புவதெல்லாம் எங்கே போய் விரிகிறது என்று பார்த்ததும் இல்லை. நடைபாதையில் கம்பளம் மெத்தென்று இருந்தது, அது காலில் படுவதும் அவளுக்கு உறைக்கவில்லை. துணி வண்டி ஓர் ஓரமாக நின்றது. அடுக்கைப் பிரித்து ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்தாள். அது இல்லை. ஒரே ஓர் அறைக்குத்தான் படுக்கை போட்டிருந்தார்கள். தட்டினாள்.

திறந்தவர் நீளப் பயணம் செய்து வந்த ஆள். சட்டைப் பொத்தான் பாதி அவிழ்ந்திருந்தது, ஒரு கன்னம் அழுந்திச் சிவந்திருந்தது. தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பிவிட்டிருக்கிறாள். தலையணை உறை மாற்ற வேண்டும் என்றாள்.

"இப்பதானம்மா மாத்திட்டுப் போனாங்க?"

"அதுல கறை இருக்கு சார்."

அவர் தலையணையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்க? ஒண்ணையும் காணோமே. நல்லாத்தான இருக்கு."

"இதோ சார், இங்க. இது கன்ன..." அவள் நிறுத்திக்கொண்டாள். "இங்கதான்."

அவள் விரல் வைத்த இடத்தை அவர் மரியாதைக்காக இன்னொரு தடவை பார்த்தார். ஆளை விட்டால் போதும், போய்ப் படுக்கலாம் என்றிருந்தது அவருக்கு. உறையைக் கழற்றிக் கொடுத்துவிட்டார். இன்னும் சூடாக இருந்தது. ரோலரின் சூடு இவ்வளவு நேரம் தாங்காது, அது அந்த மனுஷனின் கன்னத்துச் சூடு. அந்தச் சூட்டை அவள் கை உணர்ந்தது. அதற்கு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. வண்டியிலிருந்து வேறு உறையை எடுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கீழே வந்தாள்.

அடித்தளத்தில் கறை கறுத்த உறைகளுக்கெல்லாம் முத்திரை குத்தி முடித்திருந்தார். கூடை நிரம்பியிருந்தது. எல்லாவற்றிலும் அவள் புருஷன், யாரோ ஒருவர் மாதிரி. அவள் கையில் இருந்ததை மேசைமேல் விரித்தாள்.

"இதுவும் சார்."

குழல் விளக்கை இழுத்துக் கீழே இறக்கினார் கறை. பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். துணியைச் சாய்த்தார், தூக்கினார், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். ரேடியோ கூடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் கண்ணுக்குத் தப்பிய கறை என்று லாண்டரியின் சரித்திரத்திலேயே ஒன்று கிடையாது. இதில் ஒன்றும் இல்லை என்று அவர் சொல்லிவிட்டால், உறை அடுக்குக்குப் போகும், அடுக்கு மாடிக்குப் போகும், யார் யார் தலையெல்லாமோ அதன்மேல் படுக்கும், துவைக்கத் துவைக்க அந்தக் கன்னமும் போய்விடும். இதெல்லாம் மூன்று பேருக்கும் தெரிந்தது.

மடிப்பக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கெஞ்சவில்லை. கெஞ்சுவது எப்படி என்பதே மறந்துபோனவள் மாதிரி நின்றாள்.

கறை முத்திரையை எடுத்தார். "இருக்கு" என்றார். "இதோ, இந்த மூலைல." அவர் விரல் வைத்த மூலையில் தையலைத் தவிர ஒன்றும் இல்லை. "இதெல்லாம் போகாது. போகவே போகாது." அந்த மூலையில் ஓங்கி ஒரு குத்துக் குத்திவிட்டு, துணியை அவள் பக்கம் தள்ளிவிட்டு, எதையோ தேடுகிற மாதிரி தன் அறைக்குள் போய்விட்டார். அன்றோடு ரேடியோ அவரைக் கறை என்று கூப்பிடுவதை விட்டாள். வேறு பெயர் யோசிக்கக் கொஞ்ச நாள் பிடித்தது. அதுவும் ஒன்றும் நல்ல பெயர் இல்லை.

புதுத் துணியைத் தைத்து ரோலருக்குப் போட்டுவிட்டு, மத்தியானம் அவள் வீட்டுக்கு வந்தாள். கை கழுவினாள். கட்டிலில் குவிந்து கிடந்த துணிமணிகளை எடுத்து நாற்காலியில் போட்டாள். சுவரோரத் தலையணைக்கு அந்த உறையைப் போட்டாள், முத்திரை அடியில் போகிற மாதிரி. ஜன்னலிலிருந்து வெயில் சாய்ந்து விழுகிற நேரம். அந்த நேரத்தில்தான் எப்போதும் வருவாள், அந்த வெளிச்சத்தில்தான் எப்போதும் பார்ப்பாள். தன் பக்கம் படுத்துத் தலையைத் திருப்பினாள்.

இருந்தார்.

அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தாள். வரவில்லை. வராவிட்டால் போகிறது என்று இருந்தது. ஜன்னல் கொக்கி அசையாமல் தொங்கியது. தெருவில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள். வீடு இவ்வளவு சத்தமில்லாமல் இருந்தால் அவளுக்குத் தூக்கம் வராது, அதுதான் இத்தனை நாளாகச் சிக்கல்.

முழங்கையால் தலையணையை ஓர் இடி இடித்தாள்.

"தள்ளிப் படுங்க."

தலையணை ஒரு சாண் நகர்ந்து கொடுத்தது. அந்த இடத்தில் காலை நீட்டிக்கொண்டு அவள் கண்ணை மூடினாள்.